ஒரு ராடு நேரம்

தண்ணீர் வந்துவிட்டது. நானூற்று இருபதாவது அடியில், மணி பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது, அதுவரை வெள்ளை மாவாய்ப் பறந்துகொண்டிருந்த கல்தூள் திடீரென்று கறுத்து, குழைந்து, சேறாகி, பிறகு சேறும் இல்லை, தண்ணீர், தண்ணீரேதான், போர் வண்டியின் உயரத்துக்குப் பீய்ச்சியடித்து, தெய்வாத்தாளின் தலையில், நெற்றியில், திறந்த வாயில் விழுந்தது. வாயை மூட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பல்லில் கரகரவென்று கல்தூள் கடிபட்டது, அதையும் சேர்த்து விழுங்கினாள். உப்பு இல்லை. ஐயோ, உப்பே இல்லையே! ஐம்பத்து மூன்று வயசுப் பொம்பளை, பேரன் எடுத்தவள், ஊரே பார்க்கச் சேற்றுத் தண்ணீருக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோமே என்ற நினைப்பு ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே நமக்கு வேலையில்லை என்று போய்விட்டது. தண்ணி தண்ணி என்று அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கம்ப்ரசர் லாரி அப்படி உறுமியது. காலடி மண் அதிர்ந்தது, அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வந்தது. புடவை உடம்போடு ஒட்டிவிட்டது. ஒட்டட்டும். கரட்டுப்புதூரில் இன்றைக்கு அவளைவிட நனைந்தவர் யார் இருக்கிறார்கள்?

வண்டி மேனேஜர் தனசேகரன், திருச்செங்கோட்டுப் பையன், முப்பது வயசிருக்கும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அவள் காதோடு வாய் வைத்துக் கத்தினான்.

"ஏனுங்கக்கா, ஒன்றரை இஞ்ச் தண்ணிங்க! நல்ல ஊத்து! நிறுத்தறதுங்களா, ஓட்டறதுங்களா?"

"என்னது?"

"இப்ப ஒரு ராடு எறங்கிட்டிருக்குதுங்க. இருவது அடி. முடியறதுக்குப் பத்து நிமிசம் ஆகும், அதுக்குள்ள சொல்லிப்போடுங்க. கீழ போனா இன்னும் பெரிய ஊத்து கெடைக்கலாம். கெடைக்காமயும் போலாம். ஒரோரு எடத்துல கீழ காஞ்ச வெடிப்பு இருந்துச்சுன்னா, இருக்கற தண்ணியும் அதுல எறங்கிப் போயிருமுங்க."

"நீ என்ன சொல்ற சாமி?"

"நான் சொல்ல மாட்டனுங்க. எல்லா ஊர்லயும் நாங்க சொல்லித்தான் திட்டு வாங்கறோம். ஊட்டுக்காரங்கதான் சொல்லோணும்."

"இது நிக்குமா?"

அதற்கு அவன் சிரித்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டான். சிரித்தானா, வாயில் விழுந்த சேற்றைத் துப்பினானா என்பதுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் சொல்ல வேண்டுமாம். வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்? அவளைக் கட்டிய நாச்சிமுத்து காலையில் வண்டிக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, துளை விழப்போகிற இடத்தில் ஒரு சொம்புப் பால் ஊற்றி, எல்லாரும் கும்பிட்டுக் கண்ணைத் திறந்தபோது மொபட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். நான் நின்று போட்ட கடைசி நாலு போரும் புழுதி, நான் இருந்தால் வராது புள்ள, நீயே பார்த்துக்கொள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று செல்போனையும் மாட்டுத்தவிடு இருந்த மொடாவின் மூடிமேல் வைத்துவிட்டுப் போயேபோய்விட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள், இதென்ன கூத்து, ஆம்பளை இல்லாமல் நான் என்னத்தைக் கண்டேன் என்று கத்தினாள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தன் ராசியைத் தோட்டத்தை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய் வைக்கிற அவசரம் அவருக்கு. இப்போது எந்த டீக்கடையில் எத்தனையாவது டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறாரோ, மனுசன், இங்கே தண்ணீர் வந்துவிட்டதே, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமே, சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும், பதினெட்டு வருசமாக அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒன்றைப் பார்க்கலாமே! ஆனால் ஓட முடியாது. பத்து நிமிடம். அதில் ஒரு நிமிடம் இதை நினைப்பதிலேயே போயிருக்கும். தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, அவளுக்குச் சிரிப்பாக வருகிறது, சிரித்துக்கொண்டே பயப்படுகிறாள், பயந்துகொண்டே சிரிக்கிறாள், இரண்டுக்கும் வாய் ஒன்றாகத்தான் இருக்கிறது. நிறுத்தினால் இந்த ஒன்றரை இஞ்ச் நிச்சயம், இன்றைக்கு நிச்சயம். நாளைக்கு? இந்தத் தண்ணீர் இல்லையென்றால் சித்திரைக்குள் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான், காட்டைச் சைட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பூரில் மகள் கோகிலவாணியின் இரண்டு அறை வீட்டில் போய், மருமகன் வரும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டியதுதான். அதுவரைக்கும் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு மேல்தான் ஒன்றும் தெரியவில்லை. எத்தனை நாளைக்கு?

வந்துவிட்டதா, வந்துவிட்டது. எத்தனை நாளைக்கு. அவளுக்குள் இந்தக் கேள்வி எப்போதும் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராகத்தான் உட்கார்ந்திருக்கும். கோகிலா முதல் சம்பளத்தில் பட்டுப்புடவை எடுத்து வந்தபோது, பிரித்துக்கூடப் பார்க்காமல், சாயம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டாள். மிக்சி வந்தபோது கேட்டாள். பேரன் பொக்கை வாயைத் திறந்து முதன்முதலாகச் சிரித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள், அவள் மட்டும், இதெல்லாம் பல் முளைக்கிற வரைக்கும்தான் என்றாள். "அம்மாவ சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் வாசப்படில நின்னு, எத்தன நாளைக்குன்னு கேட்டுட்டுத்தான் உள்ள வரும்" என்று கோகிலா சொன்னதற்கு அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் தப்பு என்ன? நிற்காத எதை நம்பிச் சந்தோஷப்படுவது? தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வெயிலில் உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருக்கிறது, முடி காய்ந்தால் தீர்ந்தது. காலையில் முதல் வாய் காப்பி, அடடா, இரண்டாவது வாயிலேயே அது வெறும் காப்பி. கல்யாணமான புதிதில் அவர் இருட்டில் அவள் பேரை ரகசியமாக, முழுப் பேரையும், தெய்வாத்தா என்று கூப்பிட்டபோது உடம்பு பூராவும் ஓடிய அது, அது எத்தனை நிமிடம் ஓடியது? டிவியில் தினமும் ஆறு மணிக்கு ஒரு சாமியார் வருகிறார். சுகம் வேறு, ஆனந்தம் வேறு, சுகம் வரும் போகும், ஆனந்தம் உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும் என்று வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து சொல்கிறார். பால் கறந்துகொண்டே கேட்பாள். அவருக்கென்ன, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, ஊறும் என்று சொல்வார். இந்த வெயில் காட்டில் நாலு போர் போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும் எது ஊறும் என்று. தலையில் சடசடவென்று கொட்டுகிறதே, இது சுகமா ஆனந்தமா, இதை எந்தக் கணக்கில் வைப்பார் அவர்? குளிர்ச்சி. அப்படி ஒரு குளிர்ச்சி. பாறைக்கு அடியில் யார் கண்ணும் படாமல் எத்தனை காலம் கிடந்த தண்ணீரோ, முதன்முதலாக வெயிலைப் பார்க்கிறது, முதன்முதலாக ஒரு மனுசியைத் தொடுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ராடைப் பார்த்தாள். சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. கால்வாசி போய்விட்டது.

முதல் போர். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் அது வந்து நின்றுவிட்டது. புழுதி கக்கிய அந்த நாலுக்கும் முந்தியது, பத்தொன்பது வருசத்துக்கு முன்னால், வடக்கு மூலையில், இருநூற்று எண்பது அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர். அன்றைக்கு அவள் ஆடினாள். நிஜமாகவே ஆடினாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோகிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் வேறு விசில் அடித்தார், சேற்றில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே மூன்று பேரும் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். பருப்புப் பாயசம் வைத்து அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்தாள். பதினோரு மாசம் ஓடியது. பதினோராவது மாசம் ஒரு வியாழக்கிழமை குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அவ்வளவுதான், அந்தச் சந்தோஷம் பதினோரு மாசம் என்று இத்தனை வருசமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள், பதினோரு மாசம் ஓடுச்சுங்க, அப்புறம் நின்னு போச்சுங்க. ஆனால் பதினோரு மாசமா? கொஞ்சம் இரு. இரண்டாம் நாள் விடியற்காலையில் என்ன செய்தாள்? மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாய் வாயில் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள், நேற்று நாலு விரலையும் தள்ளியது, இன்றைக்கும் தள்ளுகிறதா என்று. தள்ளியது. மூன்றாம் நாளும் பார்த்தாள். தினமும் பார்த்தாள். வெண்டைச் செடி முழங்கால் உயரம் வந்தபோது அவள் செடியைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தாள். அவர் வாய்க்காலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வா புள்ள என்று கூப்பிட்ட மத்தியானம் ஒன்று இருந்தது. இருந்ததே! தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று போய் மோட்டாரை நிறுத்தினாள். அவர் எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டு போனார். அப்படியானால் போர் வற்றியது பதினோராவது மாசம். இவள் வற்றியது இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு. பதினோரு மாசத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். தூ, என்ன பொம்பளை!

"அக்கா! அக்கோவ்!" ருக்மணி வேலியைத் தாண்டி ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி, இவளைவிடப் பத்து வயசு சின்னவள், சந்தோஷத்தில் அவளும் அழுதுகொண்டிருந்தாள். "நிறுத்திப்போடாதீங்கக்கா! எங்கூட்டுக்காரராட்டப் பாதில நிறுத்திப்போடாதீங்க. முந்நூத்தி எம்பதுல ஒரு இஞ்சு போதும்னாரு, ரெண்டு சித்திர தாங்குச்சுதா? இன்னொரு நூறடி ஓட்டுங்க!"

"கீழ வெடிப்பு இருந்தா?"

"இருந்தாங்கறீங்க, இல்லாட்டி?"

அதுவும் நியாயம்தான். இல்லாவிட்டால் மூன்று இஞ்ச், நாலு இஞ்ச், கண்ணை மூடிக்கொண்டு பத்து வருசம். நூறடி. இன்னொரு நூறடி என்பது நாச்சிமுத்துவின் சொல். நாலு போரும் புழுதி என்று அவர் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, முழுப் பொய். மூன்றுதான் புழுதி. கடைசிப் போரில் அறுநூறாவது அடியில் ஈரம் வந்தது, அரை இஞ்ச்சாவது இருக்கும், மாட்டுக்கும் மனுசனுக்கும் போதும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னொரு நூறடி என்றார். எழுநூறில், எண்ணூறில், இன்னொரு நூறடி. தொள்ளாயிரத்தில் பார்த்தால், வந்த ஈரமும் இல்லை, மறுபடி வெள்ளைப் புழுதி. அன்றைக்குத்தான் அவர் தன் ராசியைக் கண்டுபிடித்தார். அவருக்கு எது வந்தாலும் இன்னும் என்று நிற்பார், இவளுக்கு எது வந்தாலும் எத்தனை நாளைக்கு என்று நிற்பாள், வந்தது நடுவில் அநாதையாய் நிற்கும். முப்பத்து மூன்று வருசக் குடித்தனம் இப்படியே ஓடிவிட்டது. இப்போது அவள் என்ன சொன்னாலும் தப்பாகத்தான் முடியும். நிறுத்தி, ஐப்பசியில் வற்றினால், பொம்பளை பேச்சைக் கேட்டு நிறுத்தினார்கள் என்று ஊர் பேசும். ஓட்டி, கீழே வெடிப்பில் இறங்கிப்போனால், கையில் வந்ததைக் கொட்டிக் கவிழ்த்தாள் என்று பேசும். அவர் ஒன்றும் பேச மாட்டார், அதுதான் கொடுமை, சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ராடு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. முக்கால். தண்ணீர் குறைகிறதா? இல்லை, காற்று திசை மாறி ருக்மணிமேல் அடிக்கிறது. ருக்மணி ஐயோ என்று கத்திக்கொண்டே அதில் நின்றாள், நகரவில்லை, முகத்தை அண்ணாந்து கொடுத்தாள். அவளுக்கென்ன, இது அவளுடைய போர் இல்லை. அவளால் நனைய முடிகிறது.

ஐந்நூறடி என்று வைத்துக்கொள். ஐந்நூறில் மூன்று இஞ்ச் வந்துவிட்டது. அப்போது எத்தனை நாளைக்கு என்று கேட்க மாட்டாயா? கேட்பேன். எழுநூறில் ஐந்து இஞ்ச். கேட்பேன். ஆயிரம் அடியில் ஒரு ஆறே ஓடுகிறது, வண்டியையே தூக்கித் தள்ளுகிறது. அப்போது? தெய்வாத்தாள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள், தண்ணீருக்குள் நின்றுகொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆயிரம் அடி ஆழத்து ஆற்றங்கரையில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள். அங்கேயும் அந்தப் பாழாய்ப்போனவள் குனிந்து நாலு விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நின்றாள். எந்த ஆழத்திலும் அவள் நின்றாள். அப்படியானால் இதற்குத் துளை போட்டுத் தீர்வு கிடையாது. எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அந்த விரல் அளந்துகொண்டுதான் இருக்கும், அளக்கிற கை நனையுமே தவிர அதற்குக் குளிர்ச்சி தெரியாது. என்னமோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது, இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்கிற மாதிரி, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல, ஆனால் சொன்னால் நாலே வார்த்தையில் முடிந்துபோகிற மாதிரி. எட்டு நிமிடமாக இந்தத் தண்ணீரில் நிற்கிறாள். எட்டு நிமிடத்தில் நாற்பது தரம் எத்தனை நாளைக்கு என்று கேட்டாயிற்று. கேள்வி இல்லாமல் நின்றது எவ்வளவு நேரம்? வாயைத் திறந்துகொண்டு நின்றாளே, முதலில், உப்பு இல்லை என்று கண்டாளே, அந்த அரை நிமிடம். அந்த அரை நிமிடம் பொய்யா? போய்விட்டது என்பதற்காகப் பொய்யாகிவிடுமா? சேற்றில் விழுந்து மூன்று பேரும் சிரித்த சிரிப்பு போர் வற்றியபோது வற்றியதா என்ன, இப்போது நினைத்தாலும் விலா நோகிறதே! கண்ணைத் திறந்தாள். லீவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வடநாட்டுக்காரன், தமிழ் தெரியாதவன், அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்க இன்னும் ஒரு முழம் இருந்தது. ருக்மணி ஓட்டச் சொல்லிக் கையை ஆட்டினாள். தனசேகரன் புருவத்தைத் தூக்கினான். தெய்வாத்தாள் இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"போதும்!" என்றாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் தவிர இந்தச் சொல்லை எப்போது சொன்னோம் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. அதனால் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், தொண்டை கிழிய. "போதும் சாமி! நிறுத்து!"

கம்ப்ரசர் நின்றது. நின்றதும் தண்ணீர் சட்டென்று விழுந்தது. மேலே தூக்கிக்கொண்டிருந்தது காற்று, காற்று நின்றால் தண்ணீர் வந்த வழியே கீழே போய்விடும், எல்லாருக்கும் தெரிந்ததுதான், அவளுக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பக்கென்றது. அத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு நொடியில் இல்லை. சேறு இருந்தது, வெயில் இருந்தது, தூரத்தில் ஒரு மாடு கத்தியது. இருபத்திரண்டு ராடுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்து அடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. ருக்மணி உம்மென்று நின்றாள். கடைசி ராடு வெளியே வந்ததும், தரைக்கு மேலே ஓர் அடி நீட்டிக்கொண்டிருந்த குழாயும் அதற்குள் கறுப்பாய் ஓர் இருட்டும் மட்டும் மிஞ்சின. அப்போதுதான் கிளுவை வேலி ஓரத்தில் மொபட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நாச்சிமுத்துவை அவள் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"தொளை போடற பிட்டு ஒடஞ்சு போச்சா?" என்று அங்கிருந்தே கேட்டார். நாலு போரில் ஒரு வண்டியும் இவ்வளவு சீக்கிரம் நின்றதில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"இங்க வாங்க."

"நா வல்ல. சொல்லு, அங்கிருந்தே சொல்லு."

போனாள், கையைப் பிடித்தாள், இழுத்துக்கொண்டு வந்தாள். நா வந்தா போயிரும் புள்ள, உடு, கொஞ்ச நாள் போவட்டும் என்று வழியெல்லாம் முனகினார். குழாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கீழே கிடந்த ஒரு பொடிக்கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"போடுங்க."

"நீ போடு."

"நீங்கதான் போடோணும்."

தெய்வாத்தாளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். முடியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கல்லைக் குழாய்க்கு மேலே கொண்டுபோனார், விட்டார். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கேயோ கீழே, கனமாய், நிறைவாய், ளொப் என்றது.

நாச்சிமுத்து அசையவில்லை. குழாய் வாய்க்கு மேலே காதை வைத்தபடியே கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னொண்ணு குடு."

"போர் தூந்து அடைச்சுப் போயிருமுங்க, கல்லப் போடாதீங்க!" என்று தனசேகரன் வண்டியிலிருந்து கத்தினான். அவள் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கல்லுக்கா பஞ்சம், அந்தத் தோட்டத்தில்.